செருப்பைக் கழற்றினால் போதுமா?

திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியில் செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் அதட்டுவதில்லை. பாதால மண்டபத்தில் பெருமாளின் பாதுகைகளைத் தலையில் ஏந்தி வலம்வந்த கையோடு, பக்தர்கள் தாமாகவே வெறுங்காலில் ஏறுகிறார்கள். 3,550 படிகள், ஏறத்தாழ 9 கிலோமீட்டர். படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே போகும் பெண்களும் உண்டு. எல்லாம் ஒரு கதையின் வேலை: மலையே ஆதிசேஷனின் உடல். அதை மிதிக்கக் கூசித்தான் ராமானுஜர் முழங்காலால் ஏறினார் என்பார்கள். பின்னாளில் பெருமாளைப் பாடிய அன்னமய்யா சிறுவனாகச் செருப்போடு ஏறி வழியில் சோர்ந்து விழ, அலமேலுமங்கைத் தாயாரே வந்து கழற்றச் சொன்னாராம்.

பிரேசில் காடுகளுக்கும் இப்படி ஒரு கதை காவல் இருக்கிறது. துப்பி பழங்குடியினர் சொல்லும் குருப்பிரா என்ற காட்டுக் காவலனுக்குப் பாதங்கள் பின்பக்கம் திரும்பியிருக்கும். தடம் பார்த்துத் துரத்தும் வேட்டைக்காரன் நேர் எதிர்த்திசையில் போய்க் காட்டில் தொலைவான். 1560-இல் ஜோசே தெ அஞ்சியேட்டா என்ற பாதிரியார் எழுதிய கடிதத்திலேயே குருப்பிரா வருகிறது. மலைப்பாதையில் இறகுகளையும் அம்புகளையும் காணிக்கையாக வைத்து, தீங்கு செய்யாதே என்று மக்கள் வேண்டிக்கொண்டதை அவர் பதிவு செய்திருக்கிறார். அவர் கண்ணுக்கு அது பிசாசு. அந்தப் பிசாசுதான் 2025 நவம்பரில் பெலெம் நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டின் சின்னம்!

நம் திருப்பதி மலையான சேஷாசலத்துக்கும் கதைப் பஞ்சம் இல்லை. ஆனால் நம் பக்தி செருப்போடு நின்றுவிடுகிறது. பாம்பின் உடல் என்று படிக்குக் கற்பூரம் ஏற்றுகிற அதே கை, மானுக்கு பிஸ்கட் நீட்டுகிறது. மிச்சச் சோற்றை ஓரத்தில் வீசுகிறது. சோற்றுக்கு நாய் வரும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும்.

2023 ஜூனில் அலிபிரிப் பாதையில் ஒரு சிறுவனைச் சிறுத்தை கவ்வியது, அவன் பிழைத்தான். ஆகஸ்ட் 11 இரவு ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பிழைக்கவில்லை. அது நடந்தது, சிங்கமுகக் கடவுளான நரசிம்மரின் சன்னதிக்கு அருகே. அதன் பிறகு கூண்டுகள் வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தார்கள். பக்தர்கள் கையில் தடி கொடுத்தார்கள். பிற்பகல் 2 மணிக்கு மேல் சிறுவர்களை ஏற விடவில்லை. விலங்குகளுக்குத் தீனி போடவும் தடை வந்தது. தடியைக் கேலி செய்தவர்கள் பலர். தீனியை நிறுத்தியவர்கள் எத்தனை பேர்?

கதை எப்போதும் நல்லதே செய்யும் என்று சொல்வதற்கில்லை. தேவாங்கைப் பாருங்கள். சேஷாசலத்திலும் வாழும் அந்தச் சாதுப் பிராணியை, மாந்திரீகத்துக்கு உதவும் என்ற கதையை நம்பித்தான் பிடித்து வதைத்தார்கள். அதைக் காக்கத் தமிழ்நாடு அரசு 2022-இல் கடவூரில் சரணாலயமே அமைக்க வேண்டியிருந்தது.

ஆகவே எந்தக் கதையை, எதற்காகச் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. நரசிம்மர் கோயில் கொண்ட அகோபிலத்துச் செஞ்சு பழங்குடியினருக்கு அவர் தங்கள் பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளை. காட்டோடு சம்பந்தம் செய்த சாமி அவர். இந்தக் கதை அலிபிரியில் ஏறும் எத்தனை பேருக்குத் தெரியும்?

காட்டைக் காக்கத் திருப்பதி தேவஸ்தானம் குருப்பிராவைப் போலப் புதிதாகச் சின்னம் எதுவும் வரைய வேண்டாம். சேவைக்கு வரும் தொண்டர்கள் பாதால மண்டபத்திலேயே ஆதிசேஷன் கதையோடு இன்னும் இரண்டு வரி சேர்த்துச் சொல்லட்டும்: இந்த உடம்பில் சிறுத்தையும் தேவாங்கும் குடியிருக்கின்றன, இங்கே சோறு வீசுவதும் செருப்புக் காலால் மிதிப்பதும் ஒன்றே. அதைத் தெலுங்கில் மட்டுமல்ல, தமிழிலும் சொல்லட்டும். சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறவர்கள் நாம்தானே.