தடித்த எழுத்து, மெலிந்த வரி

கன்ட்ரோல் ஏ. அடுத்து கன்ட்ரோலோடு பின்சாய்கோடு. கூகுள் டாக்ஸில் இந்த இரண்டு தட்டல் போதும். தடிமன், சாய்வு, அடிக்கோடு, சிவப்பு நிறம் எல்லாம் கழன்று விழும். நண்பர்கள் வாசிக்க அனுப்பும் எந்தக் கவிதையையும் நான் முதலில் இப்படிக் குளிப்பாட்டிவிட்டுத்தான் வாசிக்கிறேன். சொன்னால் கோபம் வருகிறது. "அது என்னோட ஸ்டைல் லா, நீங்க எப்படி எடுக்கலாம்?" என்கிறார்கள். இரண்டு தட்டலில் போய்விடுவதை ஸ்டைல் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இந்த அலங்காரம் ஓரளவு தேவை. பேச்சில் குரலை அழுத்திக் காட்டுவதை எழுத்தில் காட்ட அவர்களுக்கு வழிகள் குறைவு. தமிழில் அப்படியா? நான் சொன்னேன், நான்தான் சொன்னேன், நானே சொன்னேன், நானும் சொன்னேன், சொன்னது நான். ஒரு 'தான்', ஓர் ஏகாரம், ஓர் உம்மை, சொல்வரிசையில் ஒரு புரட்டல். வேலை முடிந்தது. தொல்காப்பியம் இடைச்சொல்லுக்கென்று தனி இயலே வைத்திருக்கிறது. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு கன்ட்ரோல் பி தட்டுவது சோம்பல். கவிதையின் கடைசி வரியைத் தடிமனாக்குவது அதைவிட மோசம். 'இங்கேதான் நீ கலங்க வேண்டும்' என்று வாசகருக்கு உத்தரவு போடுவது அது.

சாய்வெழுத்தின் கதை வேறு. 1501இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் அந்த எழுத்தில் வர்ஜிலை அச்சிட்டார். லத்தீன் கையெழுத்து வழக்கிலிருந்து பிறந்த வடிவம் அது. தமிழ் எழுத்துக்கு அப்படி ஓர் இணை வடிவம் வளரவில்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் வரையப்படவே இல்லை. நீங்கள் கன்ட்ரோல் ஐ தட்டினால், மென்பொருள் நேர் எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது. அவ்வளவுதான்.

அசிங்கமாக இருப்பதைக்கூட பொறுத்துக்கொள்ளலாம். எந்தச் சொல்லுக்குச் சாய்வு போடுகிறோம் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. பசார் மாலாம், கம்போங், தாப்பாவ். நம் கதைகளில் இவை மட்டும் சாய்ந்து நிற்கின்றன. "சாப்பாடு தாப்பாவ் பண்ணிட்டு வந்துட்டேன்" என்று சொல்லும் எந்த அம்மாவும் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவதில்லை. கதைக்குள் வந்ததும் அது ஏன் அந்நியச் சொல்லாகிறது? சென்னை வாசகர் தடுக்கி விழக்கூடாதே என்ற கவலையில், நம் வீட்டுப் பேச்சையே வெளிநாட்டவர் வரிசையில் நிறுத்துகிறோம். அதே கதையில் பஸ், ஆபீஸ், போன் எல்லாம் நிமிர்ந்து நிற்கும். அலமாரியும் சாவியும் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தவை. அவற்றை யாரும் சாய்ப்பதில்லை. ஆங்கிலம் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு மொழி மட்டும் விருந்தாளியா?

"அப்போ எந்த வடிவமைப்பும் வேண்டாம்னு சொல்றீங்களா?" இல்லை. கட்டுரைக்கு உட்தலைப்பு வேண்டுமென்றால் தலைப்புப் பாணியைப் போடுங்கள். நூல் பெயருக்கு மேற்கோள் குறி இருக்கிறது. வரி உடைப்பும் பத்தி இடைவெளியும் கவிதையின் உறுப்புகள். மேலே சொன்ன கட்டளை வரி உடைப்பைத் தொடுவதுமில்லை.

சித்திரக்கவியைக் காட்டி வாதாடுபவர்களும் உண்டு. காட்டட்டும். ரதபந்தத்தில் எழுத்துகள் தேர் வடிவில் உட்கார்ந்திருக்கும். தேரைக் கலைத்து வரியாக எழுதினாலும் செய்யுள் செய்யுளாகவே நிற்கும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளிகூட இருக்காது. அடி பிரிக்காமல் எழுத்து ஓலையின் முனைவரை ஓடும். எங்கே அடி முடிகிறது என்று எதுகையும் சீரும்தான் வாசிப்பவருக்குக் காட்டின. தடிமன் இல்லாமலே அந்தக் கவிதைகள் நம்மிடம் வந்து சேர்ந்தன.

அதனால் அடுத்த கவிதையை யாருக்கும் அனுப்புமுன் ஒரு பிரதி எடுத்து அந்த இரண்டு தட்டலையும் தட்டிப் பாருங்கள். அப்புறமும் வரி உங்களைப் பிடித்து நிறுத்தினால் அனுப்புங்கள். நிறுத்தாவிட்டால் தடிமனைத் திரும்பப் போடாதீர்கள். வரியைத் திருத்துங்கள்.