முட்டாள் பெட்டியும் அதன்மேல் ஏறி அமர்ந்த பெட்டியும்

தொலைக்காட்சி என்றதும் நம் சிற்றிதழ்ச் சூழலில் முதலில் வந்து விழும் சொல் 'முட்டாள் பெட்டி'. பல ஆண்டுகளாக அதைச் சலிக்காமல் சொல்லி வருகிறோம். நெடுந்தொடர்களின் கண்ணீர், பட்டிமன்றங்களின் அசட்டுத்தனம், பண்டிகை நாள் நட்சத்திரப் பேட்டிகள் ஆகியவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. ஆனால் அந்தப் பெட்டிக்குள் படம் எந்த வழியாக வருகிறது, அவ்வழியின் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்டவர்கள் நம்மில் மிகச் சிலரே. வயரும் ரிமோட்டும் கேபிள்காரரின் விவகாரம் என்று ஒதுக்கிவிட்டோம். ஒரு சமூகம் எதைப் பார்க்கிறது என்பதைப் பற்றி ஓயாமல் கவலைப்படுகிறவர்கள், அது எப்படிப் பார்க்க அனுமதிக்கப்படுகிறது என்பதைப் பற்றிக் கவலைப்படாதது விந்தைதான்.

வயரிலிருந்தே தொடங்குவோம். அனலாக் காலத்தில் இணைப்பு என்பது ஒரே ஒரு கேபிள். மொட்டைமாடியிலிருந்து இறங்கும் அதன் நுனியைத் தொலைக்காட்சியின் முதுகில் செருகினால் வேலை முடிந்தது. சேனல்களைத் தேடிப் பிடிக்கும் டியூனர் தொலைக்காட்சிக்குள்ளேயே இருந்தது. இன்று அதே கேபிள் செட்டாப் பாக்ஸுக்குள் போகிறது. அங்கிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை நுனிகள் கொண்ட ஏவி வயரோ, எச்டிஎம்ஐ வயரோ தொலைக்காட்சிக்குப் போகிறது. இரண்டு பிளக்குகள், இரண்டு ரிமோட்டுகள். தொலைக்காட்சியில் சரியான உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்காவிட்டால் திரையில் 'நோ சிக்னல்' மட்டும் மிதக்கும். கை தவறி ஒரு பொத்தான் அழுந்தி உள்ளீடு மாறிவிட, தனியே வாழும் முதியவள் ஒருத்தி கேபிள்காரப் பையனின் வரவுக்காக மாலைவரை காத்திருப்பது நம் தெருக்களில் புதிதன்று. அவளுடைய அறியாமையே இதற்குக் காரணம் என்று அவளையே நம்பவைத்திருக்கிறோம். என் குற்றச்சாட்டு இங்குதான் தொடங்குகிறது.

செட்டாப் பாக்ஸ் செய்யும் வேலைகள் மூன்று. கேபிளில் வரும் டிஜிட்டல் அலையை வாங்குவது; அதன்மேல் போடப்பட்ட பூட்டைத் திறப்பது; சுருக்கப்பட்ட தரவை விரித்துப் படமாகவும் ஒலியாகவும் ஆக்குவது. மூன்றாவது வேலையை இன்றைய தொலைக்காட்சி தானே செய்துகொள்ளும். முதல் வேலைக்கான டியூனரைத் தொலைக்காட்சிக்குள் வைப்பதில் எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. ஐரோப்பியச் சந்தையில் அது சாதாரணம். எஞ்சுவது பூட்டு மட்டும். சில நொடிகளுக்கு ஒருமுறை மாறும் ஒரு ரகசியச் சாவி, சந்தா கட்டியவருக்குத் திறக்கிறது, கட்டாதவருக்கு மறுக்கிறது. இதற்கு ஒரு சிறு அட்டை போதும். நாம் வாங்கிய, அல்லது வாடகைக்கு எடுத்த இந்தப் பெட்டி, அந்த அட்டையைச் சுற்றிக் கட்டப்பட்ட சுங்கச்சாவடி.

இது வீண் கற்பனை என்பவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு ஆணையைப் பார்க்கட்டும். மூலைவிட்டம் 30 செ.மீ.க்கு மேற்பட்ட திரை கொண்ட ஒவ்வொரு டிஜிட்டல் தொலைக்காட்சியிலும் திறந்த இடைமுகச் செருகி ஒன்றாவது இருக்க வேண்டும் என்றது அது. சந்தா அட்டையைத் தாங்கிய தொகுதியை அதில் செருகினால் தனிப் பெட்டி தேவையில்லை. நம் நாடும் பின்தங்கிவிடவில்லை, காகிதத்தில். 2001ஆம் ஆண்டின் டிடிஎச் உரிம நெறிமுறைகளே, ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொன்றின் சேவைக்கும் பயன்படும்படி திறந்த கட்டமைப்பில் இருக்க வேண்டும் என்றன. பெட்டிகளில் அதற்கான துளையும் வைத்தார்கள். அதில் செருக வேண்டிய தொகுதியின் விலையோ ஒரு புதிய பெட்டியின் விலையைத் தொட்டது. சட்டம் திருப்தியடைந்தது, சந்தாதாரர் நிறுவனம் மாறும்போதெல்லாம் பழைய பெட்டியைப் பரணில் போட்டார்.

தமிழ்நாட்டின் கதை இன்னும் சுவையானது. 'கேஸ்' எனப்பட்ட நிபந்தனை அணுகல் முறை நான்கு பெருநகரங்களுக்கென அறிவிக்கப்பட்டு, 2003 செப்டம்பரில் சென்னையில் மட்டுமே நடைமுறைக்கு வந்தது. அன்று பெரும்பாலான சென்னை வீடுகள் பெட்டி வாங்க மறுத்து, இலவசச் சேனல்களோடு காலம் தள்ளின. நம் வெகுமக்கள் நடத்திய மௌனமான ஒத்துழையாமை அது; அதைக் கொண்டாட நமக்குத் தோன்றவில்லை. 2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2007இல் அரசு கேபிள் நிறுவனம் பிறந்தது. சிறிது காலம் உறங்கி, 2011இல் அ.தி.மு.க. ஆட்சியில் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தோடு விழித்தது. 2017இல் டிஜிட்டல் உரிமம் பெற்று, இலவச செட்டாப் பாக்ஸ்களை வீடுதோறும் அனுப்பியது. தொலைக்காட்சியும் இலவசம், பெட்டியும் இலவசம். ஆனால் பெட்டியின் உடைமை நம்மிடம் வரவில்லை. 2022 நவம்பரில் எங்கோ ஒரு மென்பொருளில் கோளாறு ஏற்பட்டபோது, ஒரு வயர்கூட அறுபடாமல், ஏராளமான வீடுகளில் அரசு கேபிளின் திரைகள் இருண்டன. அந்தப் பெட்டி யாருடையது என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

தனியார் செய்தாலும் அரசு செய்தாலும் பூட்டு பூட்டுதான். கழகங்கள் மாறி மாறிச் சண்டையிட்டது சாவிக்கொத்து யார் இடுப்பில் தொங்க வேண்டும் என்பதற்காக. கதவு யாருடையது என்று எவரும் கேட்கவில்லை, நாமும்தான்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராயின் புதிய கட்டண முறை, சேனலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இனி உங்களுக்கே என்றது. அன்று 100 சேனல்களுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களுக்குத் தனி விலை. நல்லது. ஆனால் சேவை பிடிக்காமல் அடுத்த நிறுவனத்துக்குப் போக நினைப்பவர், பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கைபேசியில் சிம் அட்டையை மாற்றினால் போதும் என்பதும், 2011 ஜனவரி முதல் எண்ணையே உடன் எடுத்துச் செல்லலாம் என்பதும் நமக்கு இயல்பாகிவிட்டது. சிம்மை மாற்றும்போதெல்லாம் கைபேசியையும் தூக்கியெறியச் சொன்னால் தெருவில் இறங்கியிருப்போம். தொலைக்காட்சிக்கு மட்டும் ஏன் இந்தப் பொறுமை?

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. திருட்டைத் தடுக்கப் பூட்டு வேண்டும் என்பார்கள். வேண்டும்தான், அட்டைக்குள் இருக்கட்டும். அமெரிக்காவில் 1996 சட்டத்தின் வழியே வந்த 'கேபிள்கார்ட்' முயற்சி தோற்றதே என்பார்கள். தோற்றது, பெட்டி வாடகையில் ருசி கண்ட நிறுவனங்களிடமே அதை வளர்க்கும் பொறுப்பை விட்டதால் தோற்றது. இணையத்திலேயே எல்லாம் கிடைக்கும்போது கேபிளைப் பற்றிப் பேசுவானேன் என்பதுதான் நம் வாசகர்கள் பலரின் வாதமாக இருக்கும். இணையத்துக்குப் போய்விட்டவர்கள் வசதியுள்ளவர்கள். எஞ்சியிருப்பவர்கள் முதியோரும் ஏழைகளும். அவர்களை மட்டும் பழைய பூட்டுக்குள் விட்டுவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்பது எந்த அறத்தில் சேரும்?

2020 ஏப்ரலில் டிராய் ஒரு பரிந்துரை அளித்தது. டிடிஎச் பெட்டிகள் டிடிஎச் சேவைகளுக்கிடையிலும், கேபிள் பெட்டிகள் கேபிள் சேவைகளுக்கிடையிலும் மாற்றிப் பயன்படுத்தத் தக்கவையாக இருக்க வேண்டும். இந்தியாவில் விற்கும் டிஜிட்டல் தொலைக்காட்சிகளில் யுஎஸ்பி வடிவிலான பொது இடைமுகம் இருக்க வேண்டும் என்பவை அதன் சாரம். அதன் பிறகும் நம் வீடுகளில் பெட்டியின் மேல் பெட்டி அமர்ந்திருப்பது மாறவில்லை. இதற்காகக் கையெழுத்து இயக்கம் நடத்திய எழுத்தாளர் எவரையும் நான் அறியேன். நூலுக்குத் தடை என்றால் கூடுகிறோம், திரைப்படத்துக்கு வெட்டு என்றால் அறிக்கை விடுகிறோம். கருத்துரிமை அந்த இரண்டு இடங்களில் மட்டும் வாழ்வதாக எண்ணம். பல லட்சம் பேருக்குச் செய்தியும் பாட்டும் கதையும் போய்ச் சேரும் ஒரே வாயிலில் பூட்டுத் தொங்குவது நம் கண்ணில் படவில்லை.

முட்டாள் பெட்டி என்ற வசையைச் சற்று ஒத்திவைப்போம். அடுத்த முறை யாரேனும் தொலைக்காட்சியின் சீரழிவைப் பற்றிக் கட்டுரை எழுதினால், முதல் பத்தியில் அந்த 2020 பரிந்துரை என்னவாயிற்று என்று கேட்கட்டும். நெடுந்தொடரின் கண்ணீரை இரண்டாம் பத்தியில் துடைத்துக்கொள்ளலாம்.