கண்டி அரண்மனை யாருடையது?

அட்டன், நுவரெலியாப் பகுதிகளிலிருந்து விடுமுறையிற் கண்டிக்குச் செல்லும் நம்மவர் தலதா மாளிகையை வணங்கி, வாவியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைவீதிக்குத் திரும்பிவிடுகின்றனர். அதே வளவில் அரசமாளிகைகள் நிற்பதைச் சிலரே ஊன்றி நோக்குகின்றனர். நோக்கும் மாணவரோ, "கடைசி அரசன் தமிழனாமே, அப்படியாயின் அரண்மனை நம்முடையதுதானே?" என்று நம்மிடம் வினவுகின்றனர்.

இவ்வரண்மனை ஒருவன் கட்டி முடித்ததன்று. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் விமலதர்மசூரியன் இங்கு மாளிகை எழுப்பினான். பின்னர் போர்த்துக்கேயர் நகருக்குத் தீயிட்டனர். 1765இல் ஒல்லாந்தர் கைப்பற்றிச் சூறையாடினர். அழிந்த போதெல்லாம் அடுத்து வந்தவர்கள் மீளக் கட்டினர். புனித தந்தத்தைக் காப்பவனே நாட்டுக்கு உரியவன் என்பது அக்கால நம்பிக்கையாதலின், தலதா மாளிகையும் அரண்மனையை ஒட்டியே அமைந்தது.

நரேந்திரசிங்கன் 1739இல் மறைந்தபின், மதுரையிலிருந்து வந்த அவன் தேவியின் சகோதரன் அரியணை ஏறினான். இவ்வாறு தொடங்கிய நாயக்கர் மரபில் நால்வர் 1815 வரை ஆண்டனர். அவர்களின் குலமொழி தெலுங்கு. அரசவையில் தமிழும் வழங்கிற்று. அவர்கள் பேணிய சமயம் பௌத்தம். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனே 1753இல் சீயத்துப் பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போன உபசம்பதாவை மீட்டவன்.

செதுக்கிய மரத்தூண்கள் தாங்கும் மகுல் மடுவ என்னும் அரசவை மண்டபத்தின் வேலை 1783இல் தொடங்கியது. எண்கோண மண்டபத்தை ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனுக்காக அமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பி. ஆனால் வாவியை வெட்டிய குடிமக்களின் பெயர்கள் எங்கும் இல்லை. இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தால் அவர்கள் மண் சுமந்தனர். அதனால் எழுந்த வெறுப்பும் மன்னனின் வீழ்ச்சிக்குத் துணைபுரிந்தது.

1815 மார்ச் 2ஆந் திகதி, அதே மகுல் மடுவவில் நாடு பிரித்தானியர் வசமாயிற்று. அவ்வொப்பந்தத்திற் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்திற் கையொப்பமிட்டிருந்தனர். சிறைப்பட்ட மன்னன் 1832இல் வேலூரில் மறைந்தான். அவன் மாளிகையில் ஆங்கில அதிகாரிகள் குடியேறினர்.

ஆகவே மாணவருக்கு நாம் கூறும் விடை இது. அம்மன்னர் நம் பாட்டனார் அல்லர். நம் முன்னோர் பின்னர் கோப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்தவர், அரியணைக்கு வந்தவரல்லர். வாவி வெட்டிய அந்தப் பெயரற்ற குடிமக்களே நமக்கு நெருங்கிய உறவினர். எனினும் கடல்கடந்து வந்தவனை அரசனாகவே ஏற்ற மலை இது. அதே மலையில், தலைமுறை தலைமுறையாய் உழைத்தோர் 1948இல் குடியுரிமை இழந்தனர்; எஞ்சியோருக்கு அது முழுமையாகக் கிட்ட 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே இனத்தார் கட்டிய சுவர் கண்டியில் இல்லை. அரண்மனையை நம்முடையதென்று உரிமை கொண்டாடவும் வேண்டா. அயலாருடையதென்று ஒதுங்கவும் வேண்டா. அடுத்த முறை பிள்ளைகளுடன் செல்வோர் மகுல் மடுவவின் தூண்களருகே சற்று நின்று, இந்த வரலாற்றைச் சொல்லிக் கொடுப்பார்களாக.