கண்ணில் படாத நஞ்சு

தம்பி!

சோழன் தலைநகர் சமைத்த உடையார்பாளையம் வட்டத்திலிருந்து அரியலூர் வரை ஒருமுறை சென்று பார். சுண்ணாம்புக்கல் சுமந்த லாரிகள், சிமெண்ட் ஆலைகள், வெளுத்துப் போன புளியமரங்கள்! மரத்துக்காகப் பெருமூச்சு விடுகிறோம். அதனடியில் பேருந்துக்குக் காத்து நிற்கும் சிறுவனுக்காக?

"இருமல் வரும், இளைப்பு வரும், அவ்வளவுதானே" என்பர். கல்லூரியைப் பாதியில் விட்ட நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆய்வாளர் கூறுவது வேறு. கண்ணில் படும் புழுதியினும் கொடியது, டீசல் புகையிலும் சூளைப் புகையிலும் ஒளிந்துவரும் 2.5 மைக்ரான் நுண்துகள். அது மூச்சுப்பையைக் கடந்து குருதியில் கலக்கிறது, அழற்சி மூட்டுகிறது, இன்சுலினின் ஆணைக்கு உடல் பணிய மறுக்கிறது. நீரிழிவு நுழையும் வாயில் அது!

ஜெர்மனியில் 10 வயதுச் சிறுவர் 397 பேரின் குருதியை ஆராய்ந்து, 2013இல் வெளியிட்ட முடிவு இதைத்தான் சொன்னது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பிள்ளைகளிடமும் 2017இல் இதையே கண்டனர்.

ஆண்டுச் சராசரி, கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஆகாதென உலக சுகாதார நிறுவனம் 2021இல் விதித்தது. 2009இல் நம் நாடு வகுத்த அளவோ 40! எட்டு மடங்கு. நம் பிள்ளைகளுக்கு நுரையீரல் எட்டா, தம்பி?

பள்ளி கூடும் வேளையிலும் கலையும் வேளையிலும் அவ்வழியே லாரி செல்லலாகாது. பள்ளியில் எடை பார்க்கும் மருத்துவர் சர்க்கரையும் பார்த்தாக வேண்டும். வரும் கிளைக் கூட்டத்துக்கு இவ்விரண்டையும் தீர்மானமாக எழுதி வை. முன்மொழிய நான் வருகிறேன்.