அலுமாரியில் உறங்கும் வில்லைகள்

பழைய பொருள் என்றால் ஒன்றில் இரும்புக்கடைக்குக் கொடுத்துவிடுகிறோம். அல்லது அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். நூறாண்டுகளுக்கு முந்திய பெரிய கமராக்களின் பித்தளை வில்லைகளுக்கும் ஷட்டர்களுக்கும் இதே கதிதான். இரண்டுமே பிழை என்பது என் கருத்து. அரியவை நூதனசாலையில் இருக்கட்டும். மற்றவற்றால் இன்றும் படம் எடுக்க வேண்டும்.

1840 இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் உருவப்படங்களுக்கென ஒரு வில்லையைக் கணக்கிட்டு வடிவமைத்தார். அது முகத்தை நடுவில் கூர்மையாகக் காட்டும். ஓரங்கள் சுழன்று மங்கும். இன்று கைத்தொலைபேசி கணக்குப் போட்டுப் பின்னணியை மங்கச் செய்கிறது. அங்கே கண்ணாடியின் வளைவே அதைச் செய்கிறது.

அத்தகைய வில்லையோடுதான் ஜூலியா மார்கரெட் கமரூன் தம் 48ஆவது வயதில் படம் எடுக்கத் தொடங்கினார். 1875 இல் இலங்கைக்கு வந்தவர், களுத்துறையிலும் படம் எடுத்து, 1879 இல் இந்நாட்டிலேயே காலமானார். அவரிடம் ஷட்டர் இல்லை. வில்லையின் மூடியைக் கையால் கழற்றி, நேரம் பார்த்து, திரும்ப மூடுவதே அன்றைய முறை.

“இது வீண் செலவல்லவா?” என்று பெற்றோர் கேட்பது நியாயமே. பெரிய பிலிமின் விலை அதிகம்தான். ஆனால் அதற்குப் பதிலாகப் படம் அச்சிடும் ஒளியுணர் தாளையே கமராவுக்குள் வைக்கலாம். அது மெதுவாகவே ஒளியை ஏற்பதால், கமரூனைப் போல மூடியைக் கொண்டே வேலையை முடிக்கலாம்.

“பாவித்தால் பழுதாகிவிடும்” என்பது அடுத்த வாதம். நம் ஈரக் காலநிலையில் நடப்பது வேறு. தோற்பெட்டிக்குள் மூடிவைத்த வில்லையில்தான் பூஞ்சணம் பிடிக்கிறது. அசையாதிருக்கும் ஷட்டரில்தான் பழைய எண்ணெய் இறுகுகிறது. அதற்காக நாமே புது எண்ணெய் விட்டால் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்த கைகள் வேண்டும். வேலையே வராவிட்டால் அந்தக் கைகளுக்குப் பின் யார் அத்தொழிலைப் பழகுவார்?

ஒரு நாளில் நூறு படம் எடுத்து, ஒன்றையும் திரும்பிப் பாராத தலைமுறை நாங்கள். ஒரு தாள், ஒரு படம் என்று வந்தால், எடுப்பவரும் இருப்பவரும் சில நிமிடங்களாவது ஒருவரையொருவர் நன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும். எனக்கு அதுவே பெரிய இலாபமாகத் தெரிகிறது.

தோழியரே, வீட்டில் அப்படியொரு வில்லை இருந்தால், விற்பதற்கு முன் வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். கண்ணாடி தெளிவாக இருந்தால், அது இன்னும் வேலை செய்யும்.