பத்தாயிரத்துக்குள் ஒரு கேமரா: வாங்கலாமா, வேண்டாமா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மராட்டியர் காலத்துக் கோட்டைகள் என்று 12 கோட்டைகளைத் தொகுத்துச் சேர்த்தார்கள். அதில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதி ஒன்று நம்முடையது. அதிலிருந்து என்னிடம் ஒரே மாதிரியான கேள்வி வந்துகொண்டிருக்கிறது. "டீச்சர், பொண்ணு பள்ளிக்கூடத்துல தொன்மை மன்றத்துல இருக்கா. கோட்டையைப் படம் எடுக்க கேமரா கேக்கறா. பத்தாயிரத்துக்குள்ள எது வாங்கலாம்?" கல்லூரிப் பிள்ளைகள் வேறு மாதிரி கேட்கிறார்கள். பழைய சின்ன டிஜிட்டல் கேமராதான் இப்போது நாகரிகமாம். "பெரியம்மா, உங்க வீட்ல ஒண்ணு இருந்துச்சே, இருக்கா?" என்கிறார்கள்.

இருக்கிறது. 2010 வாக்கில் வாங்கியது. ஒரு பெரிய கம்பெனியின் அடிமட்ட மாடல். 10 மெகாபிக்சல், மூன்று மடங்குக்குச் சற்று மேல் ஜூம், இரண்டு பென்சில் செல். பெயரைச் சொல்லவில்லை. விளம்பரமும் வேண்டாம், வசையும் வேண்டாம். அதை வைத்துப் பள்ளி ஆண்டு விழா, விளையாட்டு விழா, உங்களில் பாதிப் பேரின் கல்யாணம், சித்தகிரி முருகன் கோயில் பங்குனி உத்திரம் என்று படம் எடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில், இந்த வகைக் கேமராவுக்கு நான் போடும் மதிப்பெண்ணைச் சொல்கிறேன்.

முதலில் மெகாபிக்சல் என்ற மயக்கத்தைத் தெளியவைத்துவிடுகிறேன். படத்தின் தரத்தை முதலில் தீர்மானிப்பது உள்ளே வெளிச்சம் விழுகிற சென்சாரின் அளவு. இந்தச் சின்னக் கேமராக்களில் அது சுமார் 6.2 மில்லிமீட்டர் அகலம், 4.6 மில்லிமீட்டர் உயரம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. கல்யாணத்துக்கு வருகிற போட்டோகிராபர்கள் பலர் வைத்திருக்கும் பெரிய கேமராவில் 36-க்கு 24 மில்லிமீட்டர். பரப்பைப் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 30 மடங்கு வித்தியாசம். மழையில் அண்டாவை வைத்தால் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், டம்ளரை வைத்தால் எவ்வளவு பிடிக்கும்? வெளிச்சமும் அப்படித்தான். டம்ளர் மேல் 20 என்று எழுதினாலும் 48 என்று எழுதினாலும் அது டம்ளர்தான்.

இனி பலம்.

ஒன்று, ஜூம். இந்தக் கேமராவில் லென்ஸ் உண்மையாகவே முன்னே நீளுகிறது. கண்ணாடிகள் நகர்ந்து தூரத்துப் பொருளைப் பெரிதாக்குகின்றன. இதுதான் ஆப்டிகல் ஜூம். விலை குறைந்த செல்போனில் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்குவது, எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதுவது மட்டுமே. திருவண்ணாமலை சாலையிலிருந்து ராஜகிரி உச்சியில் இருக்கும் கட்டடத்தை இரண்டிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் சொல்ல வேண்டியதே இல்லை.

இரண்டு, ஃபிளாஷ். செல்போனில் இருப்பது சின்ன டார்ச் விளக்கு. கேமராவில் இருப்பது செனான் குழாய். கண் இமைக்கும் நேரத்தில் மின்னிவிட்டுப் போகும். சுமார் மூன்று மீட்டருக்குள் நிற்பவர்கள் அசைந்தாலும் படம் கலங்காது. குழந்தைகளை எடுக்க இது உதவும். இன்றைய இளைஞர்கள் 'பழைய காலத்து லுக்' என்று கொண்டாடுவதும் பெரும்பாலும் இந்த ஃபிளாஷ் வெளிச்சத்தைத்தான்.

மூன்று, கிட்டத்தில் எடுப்பது. பூப் படம் போட்ட மேக்ரோ பொத்தானை அழுத்தினால் சில சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதைக்கூடத் தெளிவாக எடுக்கும். கல்வெட்டு எழுத்துக்கும் தூண் சிற்பத்துக்கும் இது பெரிய உதவி. தொன்மை மன்றப் பிள்ளைகள் கவனியுங்கள்: கல்வெட்டுக்கு ஃபிளாஷ் போடாதீர்கள், எழுத்து தட்டையாகிவிடும். காலை வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள், எழுத்தின் பள்ளத்தில் நிழல் நின்று தானே படிக்கக் கிடைக்கும். பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். எழுத்து தெரியவில்லையே என்று சாக்பீஸ் தேய்ப்பதும் எண்ணெய் தடவுவதும் கூடவே கூடாது.

நான்கு, இது கேமரா மட்டும்தான். இதில் ரீல்ஸ் வராது, விளையாட்டு வராது, யாரும் கூப்பிட மாட்டார்கள். பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் கொடுத்துக் கோட்டைக்கு அனுப்ப எனக்கு இந்த ஒரு காரணமே போதும். செல்போன் கொண்டுபோன பிள்ளை பாதி மலையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. கேமரா கொண்டுபோன பிள்ளை அடுத்து என்ன எடுக்கலாம் என்று கோட்டையைப் பார்க்கிறது.

இப்போது பலவீனம். இதிலும் தயவு காட்டப் போவதில்லை.

ஒன்று, இருட்டு. அந்தி சாய்ந்துவிட்டால் இந்தக் கேமரா கைவிட்டுவிடும். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக ரவை தூவியது போல இருக்கும், இல்லாவிட்டால் கலங்கிவிடும். கோட்டையின் தானியக் களஞ்சியத்துக்குள்ளே எடுத்தால் முன்னால் நிற்பவர் முகம் மட்டும் வெள்ளையாகவும் பின்னால் எல்லாம் கறுப்பாகவும் வரும். மேல்மலையனூர் அமாவாசை ஊஞ்சல் உற்சவத்தை நடுராத்திரியில் எடுக்க வேண்டுமா? கேமராவை வீட்டில் வைத்துவிட்டுச் செல்போனைக் கொண்டுபோங்கள். இன்றைய நடுத்தர விலைச் செல்போன் பலவற்றில் சென்சார் இதைவிடப் பெரியது. அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்து இருட்டைச் சமாளிக்கிறது. சின்னக் கேமராவால் அந்த அளவுக்கு முடியாது.

இரண்டு, தாமதம். பொத்தானை அழுத்தியதும் அது யோசித்து, ஃபோகஸ் செய்து, பிறகுதான் எடுக்கும். நீளம் தாண்டுகிற பிள்ளையை எடுத்தால் மணல் மட்டும்தான் படத்தில் இருக்கும். பொத்தானைப் பாதி அழுத்தி முன்கூட்டியே ஃபோகஸ் செய்து காத்திருந்தால் கொஞ்சம் தேவலாம்.

மூன்று, வெயில். பெரும்பாலானவற்றில் கண் வைத்துப் பார்க்கும் துளை கிடையாது. மலை உச்சி வெயிலில் பின்பக்கத் திரையில் ஒன்றும் தெரியாது. முந்தானையால் மறைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நான்கு, லென்ஸ். நீளுகிற லென்ஸ்தான் இதன் பலம் என்று சொன்னேன், இதன் நோயும் அங்கேதான். களத்துத் தூசியோ மணலோ உள்ளே போனால் லென்ஸ் பாதியில் சிக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் பீரோவுக்குள் பூட்டிவைத்தால் பூசணம் பிடிக்கும். பழுதுபார்க்க ஆள் கிடைப்பது இன்று அரிது. காரணம் இருக்கிறது. ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கம் தரும் கணக்குப்படி 2010-இல் உலகம் முழுவதும் 12 கோடிக்கும் அதிகமான டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்குப் போயின. 2023-இல் அது ஏறத்தாழ 77 லட்சம். பதினைந்தில் ஒரு பங்கு. சின்னக் கேமராவின் வீழ்ச்சி இதைவிடப் பெரிது. உதிரிபாகத்துக்கு எங்கே போவது?

ஐந்து, செல். ரிமோட்டுக்குப் போடும் சாதாரண செல்லைப் போட்டால் நாலு படத்தில் மூச்சு நின்றுவிடும். கேமரா கெட்டுவிட்டது என்று பலர் தூக்கி வைத்தது இதனால்தான். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நான்கும் ஒரு சார்ஜரும் வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

சரி, புதிதாக வாங்கலாமா?

ஆயிரத்து ஐநூறு, மூவாயிரம் என்று ஆன்லைனில் 48 மெகாபிக்சல், 16எக்ஸ் ஜூம் என்று வருகிறதே, அதை வாங்காதீர்கள். அவற்றில் பல பொம்மைகள். உள்ளே இருக்கும் சென்சார் மிகச் சின்னது, மெகாபிக்சல் கணக்கு மென்பொருளால் ஊதியது, ஜூமும் வெட்டி ஊதுகிற டிஜிட்டல் ஜூம். கண்டுபிடிப்பது சுலபம். ஆன் செய்ததும் லென்ஸ் முன்னே வருகிறதா? அட்டையில் 'ஆப்டிகல் ஜூம்' என்ற சொல் இருக்கிறதா? இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெயரைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். நம் வயதுக்காரர்களுக்குக் கோடாக் என்றால் ஒரு பாசம். டிஜிட்டல் கேமராவே அங்கேதான் பிறந்தது. 1975-இல் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் செய்த அந்தக் கருவி மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை, மொத்தம் 10,000 புள்ளிகள், ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி. ஆனால் அந்தக் கம்பெனி 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. இன்று அந்தப் பெயரில் கடைக்கு வரும் சின்னக் கேமராக்களை, பெயருக்கு உரிமம் வாங்கிய வேறு கம்பெனி விற்கிறது. அதனால் அவை மட்டம் என்று சொல்லவில்லை. பெயருக்காக வாங்காமல், கையில் எடுத்துப் படம் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

நல்ல செல்போன் வீட்டில் இருந்து, கோயில், பிறந்தநாள் என்று எடுக்க மட்டும் என்றால் புதுக் கேமராவுக்குக் காசு போடத் தேவையில்லை என்பதே என் கருத்து. பிள்ளைக்காக என்றால் முதலில் உங்கள் பீரோவிலும் தம்பி வீட்டுப் பரணிலும் தேடுங்கள். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் வாங்கிய ஒன்று பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். செல் போட்டு எழுப்புங்கள். கார்டு வாங்கும்போது கவனம்: மிகப் பழைய கேமராக்கள் 2 ஜிபி வரைதான் ஏற்கும், பிறகு வந்தவை பல 32 ஜிபி வரை. 64 ஜிபி கார்டைப் போட்டுவிட்டு, கேமரா சரியில்லை என்று சொல்லக் கூடாது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் குடும்பத்தில் மூத்தவர், என் நாத்தனார், தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாட்ட ஒரு படம் வேண்டும். பிள்ளைகள் ஐந்து பேர், பேரப்பிள்ளைகள் ஒன்பது பேர், ஆளுக்கொரு செல்போன். நூற்றுக்கணக்கில் படம் வந்தது. ஸ்டுடியோ தம்பி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "முகம் உடையுதுங்க டீச்சர்" என்றார். எல்லாம் வாட்ஸ்அப்பில் கைமாறி வந்தவை. சாதாரணமாக அனுப்பினால் அது படத்தின் நீளப் பக்கத்தை ஏறத்தாழ 1600 புள்ளிக்குக் குறைத்துவிடுகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் ஐந்தே கால் அங்குலம்தான் தேறும். மூலப் படங்கள் உடைந்த போனோடும் மாற்றிய போனோடும் போய்விட்டன.

கடைசியில் என் பழைய கார்டில் ஒரு படம் கிடைத்தது. 2013 பொங்கலன்று, கோலம் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நிமிர்ந்த நேரம். கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது. 3648-க்கு 2736 புள்ளி, அப்படியே இருந்தது. 10-க்கு 12 அங்குலத்தில் போட்டார்கள். கன்னத்தில் ஒட்டியிருந்த கோலமாவுகூடத் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் பெரிய மகன் அன்று வாய்விட்டு அழுதான்.

அந்தக் கேமரா உயர்ந்த கேமரா அல்ல. மேலே நானே ஐந்து குறை எழுதியிருக்கிறேன். ஆனால் அது எடுத்த படத்தை எடுத்தபடி ஒரு கார்டில் வைத்திருந்தது, அந்தக் கார்டை யாரும் அழிக்கவில்லை. என் கணக்கில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து மதிப்பெண். தேர்ச்சிதான்.

செல்போனோ கேமராவோ, எதில் எடுத்தாலும் மூன்று காரியம் செய்யுங்கள். முதலில் கேமராவின் தேதியைச் சரியாக வையுங்கள். செல் கழற்றினால் சிலவற்றில் தேதி பழையபடி ஆகிவிடும், பிறகு எந்த வருடப் பொங்கல் என்று தெரியாது. அடுத்து, படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், அளவு குறையாது. மூன்றாவது, வருடத்துக்குப் பத்துப் படமாவது ஸ்டுடியோவில் கொடுத்துக் காகிதத்தில் போட்டு, பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே வெயில் தாழ்வதற்குள் திண்ணையில் உட்காரவைத்து எடுத்துவிடுங்கள்.

பழைய கேமரா எழுந்ததா இல்லையா என்று கீழே எழுதுங்கள். எந்த மாடல், என்ன கோளாறு என்று சொன்னால் எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன். கோட்டைக்குப் போகிற பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் மறக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
அவலூர்பேட்டை