பெட்டியை மாற்றினால் பழைய புரோகிராமையும் கையில் தாருங்கள்

"கம்பியூட்டர் போயிட்டு சேர்."

கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் பழைய வாகனம் வைத்திருக்கும் நம்மில் பலர் இந்த வார்த்தையை ஒருமுறையாவது கேட்டிருப்போம். கேட்டதும் நமக்கு வாய் அடைத்துவிடும். கிளட்ச் போய்விட்டது என்றால் தேய்ந்த தட்டைக் காட்டச் சொல்வோம். டயர் என்றால் நாமே தடவிப் பார்ப்போம். கம்பியூட்டர் என்றால் பார்க்க ஒன்றுமில்லை, ஒரு மூடிய பெட்டிதான். கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வருவோம்.

நாங்கள் ஐந்து ஆசிரியர்கள். அட்டாளைச்சேனையிலிருந்து தூரத்துப் பாடசாலைக்குத் தினமும் ஒரே வேனில் போய் வருகிறோம். ஜப்பானில் ஓடி முடித்து இங்கு வந்த பழைய டீசல் வேன். கடந்த மாரியில் மழை நாட்களில் அது நடுவீதியில் நிற்கத் தொடங்கியது. கொஞ்ச நேரம் விட்டால் மீண்டும் ஸ்டார்ட் ஆகும். வெளியூர்க் கராஜ் ஒன்றில் காட்டினோம். பெட்டி செத்துவிட்டது என்றார்கள். உடைத்து விற்ற வேறொரு வேனின் பெட்டியைப் போட்டு, 'புரோகிராம்' அடித்துத் தந்தார்கள். எங்கள் ஐந்து பேரின் ஒரு மாத வேன் காசுக்கு மேல் போனது. பழைய பெட்டியை அவர்களே வைத்துக்கொண்டார்கள். நாங்களும் கேட்கவில்லை.

வேன் ஓடியது. ஆனால் இன்ஜினில் தட்டும் சத்தம், பின்னால் கறுப்புப் புகை. வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தவறியது. அடுத்த பெருமழையில் பழையபடி வீதியிலும் நின்றது.

கடைசியில் நமதூர் பாஸ் ஒருவரிடம் கொண்டுபோனோம். ஸ்கேனரைக் கொழுவியவர் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "முதல்ல பார்த்தவர் என்ன கோட் வந்தெண்டு எழுதித் தந்தாரா சேர்?" தரவில்லை. திரையில் பி0335 என்று வந்தது. கிராங்க் சென்சரின் சுற்றில் கோளாறு என்பது அதன் பொருள். சென்சரின் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு பிடித்துப்போன பின்கள். "பெட்டிட பிழ இல்ல சேர். பெட்டிக்குள்ள பிழ எண்டா பி0606 மாதிரி வேற கோட் வந்திருக்கும்."

அப்படியென்றால் புகை? அதற்கும் காரணம் இருந்தது. இவ்வகை டீசல் இன்ஜின்களில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் எழுத்தும் இலக்கமும் கொண்ட ஒரு குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். அந்த இன்ஜெக்டர் எவ்வளவு கூட்டியோ குறைத்தோ டீசல் விடும் என்பதை அது சொல்லும். பெட்டி அந்தக் குறியீட்டை வைத்துத்தான் டீசலின் அளவைத் திருத்துகிறது. மாற்றிப் போட்ட பெட்டியில் இருந்தது யாரோ ஒருவருடைய வேனின் குறியீடுகள். எங்களுடையதை எழுதவே இல்லை. வாசிக்கவே தெரியாத பிள்ளைக்கு அடுத்த வகுப்பின் விடைத்தாளைக் கொடுத்து எழுதச் சொன்ன மாதிரி. பாஸ் நான்கு குறியீடுகளையும் துடைத்துப் பார்த்து உள்ளே எழுதினார். சத்தமும் புகையும் அடங்கின. எங்கள் சொந்தப் பெட்டி மட்டும் திரும்பி வரவில்லை.

பழைய வாகனத்தின் பெட்டிக்கு மறு புரோகிராம் அடிப்பது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. இந்த ஐந்து வருடத்தில் வீதியில் இருந்த வாகனங்கள் கிழடாகிவிட்டன. புதியது வாங்கும் விலையிலும் நாம் இல்லை. ஆகவே பழையதைத்தான் திருத்தி ஓட்ட வேண்டும். பெட்டி உண்மையிலேயே பழுதானால் வேறு வாகனத்தின் பெட்டிதான் கைக்கு எட்டும் வழி. அதற்குப் புரோகிராம் அவசியம். சாவிக்குள் இருக்கும் சிப்பின் இரகசிய இலக்கத்தைப் பெட்டி அடையாளம் காணாவிட்டால் பல வாகனங்கள் ஸ்டார்ட் ஆகவே மாட்டா.

ஆனால் அந்த வேலை கணக்கோடு நடக்க வேண்டும். எழுதும்போது பெட்டரியின் வோல்ட் இறங்கினால் நல்ல பெட்டியும் பாதியில் செத்துப்போகும். முன்பிருந்ததைச் சேமித்து வைக்காமல் எழுதினால் திரும்பிப் போக வழியில்லை. இவை பாஸ்மாருக்குத் தெரியும். வாகனக்காரராகிய நமக்குத்தான் தெரியாது. தெரியாததால் கேட்பதில்லை.

மூடிய பெட்டிக்குள் என்ன எழுதலாம் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் உண்டு. 2015 செப்டம்பரில் வோக்ஸ்வாகன் கம்பனி பிடிபட்டது. புகைப் பரிசோதனை நடப்பதைக் கண்டுபிடித்து, அப்போது மட்டும் இன்ஜினைச் சுத்தமாக ஓடவைக்கும் மென்பொருளை டீசல் கார்களின் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். உலகம் முழுக்க சுமார் 1 கோடி 10 இலட்சம் வாகனங்கள். அவ்வளவு பெரிய கம்பனியே அப்படிச் செய்யுமென்றால், எழுதியதைக் காட்டச் சொல்வது பாஸை அவமதிப்பது ஆகாது. மறுபுறம், அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநில மக்கள் 2012 இல் வாகனத்தைத் திருத்தும் உரிமைக்கு வாக்களித்தார்கள். சொந்த வாகனத்தின் மென்பொருளைத் திருத்த வேலைக்காகத் திறந்து பார்க்க 2015 இல் அங்கு பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கும் கிடைத்தது. வாகனம் யாருடையதோ, அதற்குள் எழுதியிருப்பதை அறியும் உரிமையும் அவருக்கு உண்டு என்பதே அதன் சாரம்.

நாம் கேட்க வேண்டியது ஒரு கொப்பிப் பக்கத்துக்குள் அடங்கும்.

1. வேலைக்கு முன் வந்த கோட் என்ன, பின் வந்த கோட் என்ன.
2. சேசி இலக்கம், ஓடிய கிலோமீற்றர், பழைய பெட்டியினதும் புதிய பெட்டியினதும் இலக்கம்.
3. எதை மாற்றி எழுதினார்கள். ஏதாவது சென்சரை அணைத்துவிட்டார்களா, டீசலைக் கூட்டினார்களா.
4. மாற்றுவதற்கு முன் இருந்த புரோகிராம் ஒரு பென் டிரைவில். கூடவே கழற்றிய பெட்டி.

"ஃபைலைக் கொடுத்தால் எங்கட தொழில் அடுத்தவனிடம் போயிடும்" என்று சில பாஸ்மார் சொல்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஸ்கேனருக்கும் லப்டொப்புக்கும் கடன்பட்டுக் காசு போட்டவர்கள் அவர்கள். நாம் கேட்பது அவர்கள் உழைத்து உருவாக்கிய ஃபைலை அல்ல, நமது வாகனத்தில் ஏற்கனவே இருந்ததை. திறமைக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்போம். நம்பி ஒப்படைத்த பொருள் அமானிதம். அதன் உள்ளே இருப்பதும் அமானிதத்தில் சேர்ந்ததுதான்.

ஆசிரியர்களாகிய எங்கள் மீதும் குறை இருக்கிறது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பாடத்துறை 2013 இலேயே வந்துவிட்டது. சென்சர் என்றால் என்ன என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். அதே வீதியில் இருக்கும் கராஜில் அந்தச் சென்சரைக் கையில் வைத்திருப்பவரைப் பிள்ளைகளுக்கு நாம் காட்டியதில்லை. பாஸிடம் வேலை பழகும் பையனிடம் கோட்களின் விளக்கம் ஆங்கிலத்தில் கிடக்கிறது. அதைத் தமிழில் எழுதிக் கொடுக்க ஆங்கில ஆசிரியர் ஒருவரும் தொழில்நுட்ப ஆசிரியர் ஒருவரும் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்தால் போதும். ஒலுவிலில் பல்கலைக்கழகம், சம்மாந்துறையில் தொழில்நுட்பக் கல்லூரி. இரண்டும் கிட்டத்தில்தான் இருக்கின்றன.

எங்கள் வேன் குழு முதல் வேலையைத் தொடங்கிவிட்டது. அடிக்கடி வரும் கோட்களின் தமிழ் விளக்கத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறோம். முடிந்ததும் ஊர்க் கராஜ்களுக்குப் பிரதி கொடுப்போம். பாஸ்மார் பிழை பார்த்துத் திருத்தித் தர வேண்டும்.

வாகனம் வைத்திருக்கும் சகோதரர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை "கம்பியூட்டர் போயிட்டு" என்றால் காசை எடுக்க முன் கேளுங்கள்: "என்ன கோட் வந்த? எழுதித் தாங்க."